இன்பத்தைத் துரத்தும் பாத்திரங்களை வாசிப்பது எப்படி? மூன்று நாவல்கள், ஒரு நோட்டு

பெரிய இடத்து விருந்து முடிந்து ஒரு டாக்டரும் அவர் மனைவியும் ஊர் திரும்புகிறார்கள். வழியில் குதிரையின் வார் அறுந்துவிட, டாக்டர் இறங்கிக் கயிற்றால் கட்டுகிறார். கட்டிவிட்டுக் குனிந்து பார்த்தால் தரையில் ஒரு சுருட்டுப் பை கிடக்கிறது. பச்சைப் பட்டு ஓரம், நடுவில் ஏதோ பிரபு குடும்பத்துச் சின்னம், உள்ளே இரண்டு சுருட்டு. "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஆச்சு" என்று பையில் போட்டுக்கொள்கிறார். அன்றிரவு பற்ற வைத்து, உதட்டைக் குவித்து இழுத்து, துப்பித் துப்பித் திணறுகிறார். மனைவிக்கு அருவருப்பு. அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அந்தப் பையைப் பிடுங்கி அலமாரிக்குள் எறிகிறாள். அப்புறம் அவர் வெளியே போகும் நாட்களில், துணி மடிப்புகளுக்கு நடுவிலிருந்து அதை எடுத்துத் திறந்து மோந்து பார்க்கிறாள்.

குஸ்தாவ் ஃப்ளோபேரின் 'மேடம் பொவாரி'யில் வரும் காட்சி இது. சுருட்டு புகைத்தவருக்கு இருமல்தான் மிச்சம். காலிப் பையை மோந்தவளுக்கோ போதை ஏறுகிறது. இன்பத்தைத் தேடி அலையும் பாத்திரங்களைப் படிக்க எனக்கு ஒரு சாவி கிடைத்தது இங்கேதான். 'ஆசைப்பட்டாள், அழிந்தாள்' என்று ஒரு வரியில் மூடிவிட்டால் இந்தப் பை நம் கண்ணில் படவே படாது. என் கட்சி இதுதான்: இந்த நாவல்களின் நாயகர்களுக்கு இன்பத்தை அனுபவிக்கவே வராது. அவர்களுக்கு வருவது ஏங்குவது மட்டும். எழுத்தாளர்கள் அதை எங்கெங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் இந்த வழிகாட்டி.

படி 1: எந்தப் புத்தகம், எந்த வரிசையில்

மூன்று போதும். தஸ்தயேவ்ஸ்கியின் 'சூதாடி' (1866), ஆஸ்கார் வைல்டின் 'டோரியன் கிரேயின் ஓவியம்' (1890, 1891), ஃப்ளோபேரின் 'மேடம் பொவாரி' (1857). இந்த வரிசையிலேயே படியுங்கள். காலவரிசையைப் பற்றிக் கவலை வேண்டாம்.

'சூதாடி' சின்னப் புத்தகம், பதினேழே அத்தியாயம், மூச்சுவிடாமல் ஓடும். அதன் ஓட்டத்துக்கு ஒரு காரணம் உண்டு. 1866 நவம்பர் 1க்குள் புது நாவல் தராவிட்டால் ஒன்பது வருடத்துக்குத் தன் எழுத்து முழுவதையும் பைசா கொடுக்காமல் அச்சிட்டுக்கொள்ளும் உரிமை பதிப்பாளருக்குப் போய்விடும் என்று ஓர் ஒப்பந்தத்தில் தஸ்தயேவ்ஸ்கி கையெழுத்துப் போட்டிருந்தார். கெடுவுக்கு முந்தைய மாதம் அன்னா ஸ்னிட்கினா என்ற சுருக்கெழுத்துப் பெண்ணை வரவழைத்து, 26 நாளில் சொல்லச் சொல்ல எழுதவைத்த நாவல் இது. அடுத்த பிப்ரவரியில் அவரையே கல்யாணம் செய்துகொண்டார். ரூலெட் என்ற சக்கரச் சூதாட்ட மேசையில் தொலைத்துக் கடனாளியான மனிதர், ரூலெட்டில் தொலைக்கிற ஒருவனைப் பற்றி, தானே ஒரு பந்தயம் வைத்த மாதிரி எழுதியது.

வைல்டின் நாவல் முதலில் 1890 ஜூலையில் ஒரு மாத இதழில் 13 அத்தியாயமாக வந்தது. அடுத்த வருடம் புத்தகமானபோது 20 ஆயிற்று. புத்தக வடிவத்தையே படியுங்கள். பொவாரியைக் கடைசிக்கு வைப்பது அது மெதுவான புத்தகம் என்பதால். அந்த மெதுவுக்குள்தான் எல்லாமே இருக்கிறது.

படி 2: நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்

சாதாரண கோடு போட்ட நோட்டு போதும். பக்கத்தை நெட்டாக மூன்றாகப் பிரித்து, தலையில் 'முன்', 'போது', 'பின்' என்று எழுதுங்கள். ஒரு பாத்திரம் எதையாவது ஆசைப்பட்டு அடையும் ஒவ்வொரு இடத்திலும், அடைவதற்கு முன் என்ன நடந்தது, அடையும்போது என்ன, அடைந்த பின் என்ன என்று இரண்டு மூன்று சொல்லில் குறித்துக்கொண்டே போங்கள். பக்க எண் அவசியம். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதை ஒன்றைச் செய்யுங்கள்.

செய்து காட்டுகிறேன். அந்த டாக்டரின் மனைவி எம்மா பொவாரி போன விருந்து வோபியெஸார் மாளிகையில் நடக்கிறது. ஐஸ் போட்ட ஷாம்பெய்ன் முதன்முறையாக நாக்கில் பட்டு உடம்பு சிலிர்க்கிறது. அன்னாசியை அவள் அதற்கு முன் சாப்பிட்டதில்லை. ஒரு பிரபுவோடு சுழன்று ஆடுகிறாள். இவ்வளவும் ஒரே அத்தியாயம், ஒரே இரவு. இது 'போது'. இப்போது 'பின்' கட்டத்தைப் பாருங்கள். வீடு வந்த மாலையே சாப்பாடு தயாராகவில்லை என்று வேலைக்காரியை நிறுத்திவிடுகிறாள். ஆடும்போது போட்டிருந்த சாட்டின் செருப்பை, தரை மெழுகு ஒட்டி அடிப்பாகம் மஞ்சளாகிப்போன அந்தச் செருப்பை, பத்திரமாக எடுத்து வைக்கிறாள். புதன்கிழமை வந்தாலே 'போன வாரம் இதே நேரம் அங்கே இருந்தேன்', அப்புறம் 'இரண்டு வாரம் முன்னால்', 'மூன்று வாரம் முன்னால்'. பாரிஸ் வரைபடம் ஒன்றை வாங்கி, அதில் விரல்நுனியால் தெருத்தெருவாக நடக்கிறாள். அடுத்த ஜூலையிலிருந்து அக்டோபருக்கு எத்தனை வாரம் என்று விரல்விட்டு எண்ணுகிறாள், இந்த வருடமும் அழைப்பு வரும் என்று. செப்டம்பர் முழுக்கக் கடிதமும் இல்லை, ஆளும் இல்லை.

ஒரு ராத்திரிக்கு ஒரு வருட ஏக்கம். நோட்டில் 'போது' கட்டத்துக்கு நான்கு வரி போதுமாக இருந்தது. 'பின்' அடுத்த பக்கத்துக்கும் ஓடியது. அதோடு அவளுடைய 'பின்' எல்லாம் மெல்ல மெல்ல அடுத்ததன் 'முன்' ஆகிவிடுவதையும் கவனிப்பீர்கள். எங்கே கோடு கிழிப்பது என்றே தெரியாது. எனக்கும் தெரியவில்லை. பென்சிலில் எழுதுங்கள்.

இன்னொன்று. காட்டுக்குள் ரொடால்ஃப் என்ற நிலக்கிழாருக்கு அவள் இணங்கும் இடம். அந்தச் செயலுக்கு ஃப்ளோபேர் தருவது ஒரு வாக்கியம். உடனே அமைதி. தூரத்து மலைப்பக்கம் இனந்தெரியாத ஒரு நீண்ட கூவல். அவள் அதைக் கேட்டுக்கொண்டிருக்க, அவன் பல்லிடுக்கில் சுருட்டோடு, அறுந்த கடிவாளத்தைப் பேனாக்கத்தியால் சரிசெய்துகொண்டிருக்கிறான்! இருவரின் 'பின்' கட்டங்களும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையா? அன்று வீடு திரும்பிய எம்மா, கண்ணாடி முன் நின்று 'எனக்கு ஒரு காதலன் இருக்கிறான்' என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறாள். சந்தோஷம் வந்தது காட்டில் அல்ல, கண்ணாடி முன்னால்.

ரூவான் நகரில் அடுத்த காதலன் லெயோனோடு மூடிய கோச்சு வண்டியில் சுற்றும் புகழ்பெற்ற காட்சியில் 'போது' கட்டம் முழுக் காலி. திரை இழுத்த வண்டி தெருத்தெருவாக ஓடுவதும், ஒரு வெறுங்கை ஜன்னல் வழியே கிழித்த காகிதத் துண்டுகளை எறிவதும் மட்டுமே நமக்குத் தெரியும். இதையும்கூட, நாவலைத் தொடராக வெளியிட்ட பத்திரிகை பயந்துபோய் வெட்டிவிட்டது.

படி 3: ஆசையைச் சொல்லிக் கொடுத்தது யார்?

இந்தப் பாத்திரங்கள் யாரும் தானாக ஆசைப்படவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வாத்தியார் உண்டு. அவரைக் கண்டுபிடித்து 'முன்' கட்டத்தில் பெயரை எழுதுங்கள்.

எம்மாவுக்கு அது கன்னிமாடம். துணி தைக்க வரும் கிழவி ஒருத்தி, ஏப்ரன் பைக்குள் ஒளித்துக் கொண்டுவரும் காதல் கதைகள். அதனால்தான் அந்தக் கண்ணாடி முன்னால் அவளுக்கு முதலில் நினைவு வருவது ரொடால்ஃப் அல்ல, தான் படித்த கதாநாயகிகள். அவர்களின் வரிசையில் தானும் சேர்ந்துவிட்டோம் என்பதுதான் அவள் குதூகலம். இந்தக் குணத்துக்கே 'பொவாரித்தனம்' என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஜூல் த கோல்த்தியே 1892இல் பெயர் வைத்தார். மனிதன் தன்னை, தான் அல்லாத ஒருவராகக் கற்பனை செய்துகொள்ளும் திறன் என்று அதற்கு விளக்கமும் தந்தார். ஆசை எப்போதும் மூன்றாவது ஆள் ஒருவரைப் பார்த்துக் காப்பியடிப்பது என்று 1961இல் ரெனே ஜிரார் ஒரு புத்தகமே எழுதியபோது, அவருக்குக் கைகொடுத்த நாவல்களில் பொவாரியும் ஒன்று.

டோரியனுக்கு லார்டு ஹென்ரி. மனுஷன் பேசிக்கொண்டே இருப்பார், எதையும் செய்ய மாட்டார். சிகரெட்தான் பூரணமான இன்பம், ஏனென்றால் அருமையாக இருக்கும், ஆனால் திருப்தி தராது என்று ஓரிடத்தில் சொல்கிறார். படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் அந்த நாவலின் மொத்தக் கதையும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அப்புறம் அவர் அனுப்பும் மஞ்சள் அட்டைப் புத்தகம். டோரியன் அதன் முதல் பதிப்பில் ஒன்பது பிரதிகளைப் பாரிஸிலிருந்து வாங்கி, மனநிலைக்கு ஒன்றாக வேறு வேறு நிறத்தில் பைண்டு செய்துகொள்கிறான்.

வாத்தியார்கள் சில சமயம் கண்ணுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்கள். வோபியெஸார் விருந்தில், பெண்களுக்கு நடுவே தனியாக ஒரு கிழவர், கழுத்தில் குழந்தைபோல் துண்டு கட்டி, வாயிலிருந்து குழம்பு சொட்டச் சொட்டச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். மாளிகைக்காரரின் மாமனார். மரி அந்துவானெத் ராணியின் காதலனாக இருந்தவர் என்று பேச்சு. எம்மாவின் கண் திரும்பத் திரும்ப அவரிடமே போகிறது. அவள் பார்ப்பது தொங்கும் உதட்டை அல்ல, ராணியின் படுக்கையை. குழம்பைச் சொட்டவிட்டவர் ஃப்ளோபேர், அதைத் துடைத்துவிட்டுப் பார்க்கிறவள் எம்மா.

படி 4: வரவு செலவுக் கணக்கு

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு தனிக் கணக்கு வைத்து, யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டே வாருங்கள்.

பொவாரியில் ஜவுளி வியாபாரி ஒருவர் வருகிறார். பெயர் லெர்ரோ. பிரெஞ்சில் 'சந்தோஷமானவர்' என்று பொருள். முதல் தடவை சால்வைகளை விரித்துக் காட்டுகிறார், அவள் வாங்கவில்லை. பரவாயில்லை, அவசரமில்லை, பணம் எப்போது வேண்டுமானாலும் தரலாம் என்று சொல்லிவிட்டுப் போகிறார். இந்த மாதிரி ஆளை நாம் எல்லோருமே எங்கேயோ பார்த்திருக்கிறோம். அப்புறம் திரை, கம்பளம், ரொடால்ஃபுக்குப் பரிசாக ஒரு சவுக்கு, அவனோடு ஓடிப்போக ஒரு பெட்டி, ஒரு மேலங்கி. கையெழுத்துப் போட்ட புரோநோட்டு, அதைப் புதுப்பிக்க இன்னொன்று, அதன் வட்டிக்கு வேறொன்று. கடைசியில் 24 மணி நேரத்துக்குள் 8,000 ஃப்ராங்க் கட்டு என்று கோர்ட்டு உத்தரவு வந்து நிற்கிறது. ஏற்கெனவே அவள் தன் அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்த ஆறு வெள்ளிக் கரண்டிகளை அடகுக்கு அனுப்பியாயிற்று.

அவள் சாவதற்குக் காரணம் காதல் அல்ல, கடன். காதலர்கள் போனபோதெல்லாம் அவள் படுத்தாள், எழுந்தாள். கடன் வந்து கதவைத் தட்டியபோது எழ முடியவில்லை.

கணக்கில் இன்னொரு வரவும் இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். ரொடால்ஃபுக்கு அவள் கொடுத்த பரிசுகளின் பட்டியலில் கடைசியாக ஒரு சுருட்டுப் பை வரும். வழியில் கண்டெடுத்த அந்தப் பிரபுவின் பை மாதிரியே அச்சு அசலாக இருப்பது. ஆக, காதலனுக்கு அவள் வாங்கிக் கொடுத்ததும் அந்த ராத்திரியின் ஒரு பிரதியைத்தான். முதல்முறை படித்தபோது இந்த வரியைக் கடந்துபோய்விட்டேன். நோட்டில் 'சுருட்டுப் பை' என்று இரண்டாம் முறை எழுதும்போதுதான் உறைத்தது.

நமக்கு இந்தக் கணக்குப் பழக்கமில்லாதது இல்லை. சிலப்பதிகாரத்தில் மாதவியின் கதை தொடங்குவதே ஒரு விலையோடுதான். ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் பெறும் மாலையைக் கூனி நகரத்து வீதியில் நின்று விற்க, கோவலன் வாங்கிக்கொண்டு போகிறான். முடிவதும் கணக்கோடுதான். திரும்பி வந்தவன் கண்ணகியிடம் சொல்வது மாதவியைப் பற்றிய ஏக்கத்தை அல்ல. 'குலந்தரு வான்பொருட் குன்றம் தொலைத்த இலம்பாடு நாணுத்தரும் எனக்கு' என்று, மலையாகக் கிடந்த குடும்பச் சொத்தைத் தொலைத்த வறுமையை. அவளும் ஒன்றுமே கேட்காமல் 'சிலம்புள கொண்ம்' என்கிறாள். அந்தச் சிலம்பைக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவது என்பது வேறு கதை.

படி 5: சூதாட்ட மேசையில் கொஞ்சம் நில்லுங்கள்

இங்கே உளவியல் ஆய்வுக்கூடம் நமக்கு நன்றாகவே கைகொடுக்கும்.

பி. எஃப். ஸ்கின்னர் கூண்டுப் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகள் பிரபலம். பொத்தானைக் கொத்தினால் தீனி. இத்தனை கொத்துக்கு ஒரு தீனி என்று நிச்சயமாக இருந்தால், தீனி கிடைத்ததும் புறா கொஞ்ச நேரம் ஓய்வெடுக்கும். எத்தனையாவது கொத்துக்குத் தீனி வரும் என்று தெரியாதபடி மாற்றி மாற்றிக் கொடுத்தால், ஓய்வே கிடையாது, கொத்திக்கொண்டே இருக்கும். தீனியை அடியோடு நிறுத்திய பின்பும் ரொம்ப நேரம் கொத்தும்.

இதைத் தெரிந்துகொண்டு 'சூதாடி'யில் பாட்டி வரும் இடத்தைப் படியுங்கள். எழுபத்தைந்து வயது. எப்போது சாவாள், சொத்து எப்போது கைக்கு வரும் என்று குடும்பமே தந்தி மேல் தந்தி அடித்துக்கொண்டிருக்க, நாற்காலியில் தூக்கிவரச் சொல்லி நேரில் வந்து இறங்குகிறாள். ரூலெட் மேசையைப் பார்க்கிறாள். ஜீரோ விழுந்தால் முப்பத்தைந்து மடங்கு என்று கேட்டதும் ஜீரோவிலேயே வை என்கிறாள். சில சுற்றுகளுக்குள் ஜீரோ விழுகிறது. அவ்வளவுதான், பாட்டி முடிந்தாள். அன்று தோற்றிருந்தால் மாஸ்கோவுக்குத் திரும்பியிருப்பாள். 'வென்றதூஉம் தூண்டிற்பொன் மீன்விழுங்கி அற்று' என்ற குறள் இந்தக் காட்சிக்கு எழுதியதுபோலவே இருக்கும். அதே அதிகாரத்தின் கடைசிக் குறள் இன்னும் கூர்மை: 'இழத்தொறூஉம் காதலிக்கும் சூதேபோல்'. இழக்க இழக்கக் காதல் கூடும் என்கிறார். புறாக்கூண்டின் முன்னால் உட்கார்ந்து எழுதிய மாதிரி இல்லை?

கதை சொல்லும் அலெக்ஸேய் இவானவிச் விஷயம் வேறு. அவன் பலீனாவைக் காதலிக்கிறான். அவளுக்குப் பணம் தேவை என்று சூதாட ஓடி, ஒரே ராத்திரியில் இரண்டு லட்சம் ஃப்ராங்க் அள்ளிக்கொண்டு வருகிறான். அப்புறம் அவனே ஒப்புக்கொள்கிறான், நோட்டுக் கட்டுகளை வாரிய அந்தக் கணத்திலிருந்து காதல் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது என்று. பலீனாவும் அதைக் கண்டுகொண்டவள்போல் ஐம்பதாயிரத்தை அவன் முகத்தில் எறிகிறாள். மீதிப் பணத்தை வேறொருத்தி பாரிஸில் சில வாரத்தில் கரைக்கிறாள். பாரிஸ், ஷாம்பெய்ன், பணம் எல்லாம் இருக்கிறது, அவனுக்குச் சலிப்பு. பணம் தீரப்போவதில் வருத்தம்கூட இல்லை. அவனுக்குத் தேவை பணம் இல்லையே.

கடைசிப் பக்கத்தில் ஒரு நினைவு. எல்லாம் தோற்று வெளியே வருகிறான். கோட்டுக்குள் போடும் சட்டைப் பையில் ஒரே ஒரு குல்டன் தட்டுப்படுகிறது. 'ஆக, சாப்பாட்டுக்கு வழி இருக்கிறது.' நூறு அடி நடந்ததும் மனசு மாறித் திரும்புகிறான். அந்த நூறு அடியை நோட்டில் எழுதுங்கள். அவன் வென்றதையும் தோற்றதையும்விட அதுதான் முக்கியம். நாவல் முடியும் சொல்லும் 'நாளை' பற்றியதே: நாளைக்கு எல்லாம் முடிந்துவிடும் என்கிறான். தஸ்தயேவ்ஸ்கிக்கு அந்த நாளை வர 1871 ஆயிற்று.

படி 6: அந்தச் சலிப்பான அத்தியாயத்தைத் தாண்டாதீர்கள்

டோரியன் கிரேயில் 11ஆம் அத்தியாயம். பேச்சு இல்லை, சம்பவம் இல்லை. வாசனைத் திரவியம், அப்புறம் இசைக்கருவிகள், அப்புறம் ரத்தினம், அப்புறம் பூவேலைத் துணி, அப்புறம் பாதிரியார்களின் பூசை அங்கிகள் என்று வாங்கிச் சேர்த்துக்கொண்டே போகிறான். நான் முதல்முறை பாதியில் தாண்டிவிட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். பட்டியல் நமக்குச் சலிப்பதுபோலவே அவனுக்கும் ஒவ்வொன்றாகச் சலிக்கிறது, அதனால்தான் அடுத்ததற்குத் தாவுகிறான். சலிப்பைப் பற்றிச் சொல்லாமல் சலிப்பையே நம் கையில் கொடுத்துவிடுகிறார் வைல்டு.

உளவியலாளர்கள் ஃபிலிப் பிரிக்மனும் டொனால்ட் கேம்பெலும் 1971இல் இன்பத்தை ஓட்டப் பட்டைக்கு ஒப்பிட்டார்கள். எவ்வளவு ஓடினாலும் நிற்பது அதே இடத்தில். 1978இல் பிரிக்மன் வேறு இருவரோடு சேர்ந்து, லாட்டரி அடித்த 22 பேரிடம் பேசிப் பார்த்தார். பரிசு விழாத அக்கம்பக்கத்தாரைவிட அவர்கள் அப்படியொன்றும் கூடுதல் சந்தோஷமாக இல்லை. அதோடு சாதாரண விஷயங்களில், சிநேகிதரோடு பேசுவது, காலைச் சாப்பாடு இப்படிப்பட்டவற்றில், அவர்களுக்குக் கிடைத்த ருசி குறைவாக இருந்தது. மிகச் சிறிய ஆய்வு, அதை வைத்து உலகத்தை அளக்கக் கூடாது. டோரியனின் ரத்தினப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க மட்டும் சுகமாக இருக்கிறது.

அந்த அத்தியாயத்தில் அவனுக்கு உண்மையில் கிளர்ச்சி தருவது ஒன்றே ஒன்று. பூட்டிய மேல்மாடி அறையில், அவனுக்குப் பதிலாகக் கிழடுதட்டும் அவனுடைய ஓவியத்துக்கு முன்னால் கண்ணாடியோடு நின்று, அந்த முகத்தையும் தன் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பது. பொவாரியிலும் கண்ணாடி, இங்கும் கண்ணாடி. விருந்துக்கு ஆட்களை அழைத்து வைத்துவிட்டு, பாதியில் எழுந்து லண்டனுக்கு ஓடிவந்து அந்த அறைக்கதவை யாராவது தொட்டார்களா என்று பார்க்கிறான். சேர்த்து வைத்தவனைச் சேர்த்தது காவலாளி ஆக்கிவிட்டது.

டோரியனின் பாவங்கள் என்னென்ன என்று தேடிக் களைக்காதீர்கள். நாவல் சொல்லாது. விமர்சகர்கள் கேட்டபோது, அது யாருக்கும் தெரியாது, கண்டுபிடிக்கிறவர் அதைத் தானே கொண்டுவந்திருக்கிறார் என்று வைல்டு பதில் எழுதினார். 'போது' கட்டத்தைக் காலியாகவே விடுங்கள்.

படி 7: உளவியலை எங்கே நிறுத்த வேண்டும்

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் எலிகளின் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தை அழித்துப் பார்த்தார். எலிகள் பக்கத்தில் இருக்கும் தீனியை நோக்கி நகரவே இல்லை, ஆனால் சர்க்கரைத் தண்ணீரை வாயில் விட்டால் முன்போலவே சப்புக்கொட்டின. வேண்டும் என்பது வேறு, பிடிக்கிறது என்பது வேறு, மூளையில் இரண்டுக்கும் ஒரே கம்பி இல்லை. வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வில், பழச்சாறு வரும் முன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு பழகிய பின், டோபமைன் நரம்புகள் சாற்றுக்கு அல்ல, விளக்குக்கே துடித்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு தணிந்துபோனது.

எம்மா செப்டம்பர் முழுக்க எதிர்பார்த்த கடிதம் அந்த விளக்கு என்று சொல்லத் தோன்றும். சொல்லிக்கொள்ளுங்கள், ஆனால் அங்கேயே கூடாரம் அடித்துவிடாதீர்கள். இப்போதெல்லாம் எந்த நாவலைப் பற்றிப் பேசினாலும் 'டோபமைன்' என்று ஒரு சொல்லைப் போட்டு முடித்துவிடுகிறோம். எலிக்குக் கடன்காரன் இல்லை. எம்மா கர்ப்பமாக இருக்கும்போது ஆண் பிள்ளையை விரும்புகிறாள், ஆணாவது சுதந்திரமாக இருப்பான் என்று. 'பெண்' என்று புருஷன் சொன்னதும் முகத்தைத் திருப்பி மயங்கிவிடுகிறாள். இது மூளைக் கம்பியின் விஷயம் இல்லை. ரொடால்ஃபும் இன்பம் தேடுகிறவன்தான், அவளைவிடத் தீவிரமாக. அவனிடம் பண்ணை இருக்கிறது, குதிரை இருக்கிறது, கேள்வி கேட்க ஆள் இல்லை. கடைசி நாளில் அவள் போய் மூவாயிரம் ஃப்ராங்க் கேட்கும்போது, இல்லை என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறான்.

ஆய்வுகளை நாவலைப் படித்த பின் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் படித்தால் எல்லாப் பக்கத்திலும் எலிதான் தெரியும்.

படி 8: இது யார் குரல் என்று கேளுங்கள்

மொழிபெயர்ப்பில் படிக்கிறவர்களுக்கு இது முக்கியம். எம்மாவின் கனவுகளைச் சொல்லும்போது ஃப்ளோபேர் 'என்று நினைத்தாள்' என்று எழுதுவதில்லை. கதை சொல்கிறவரின் வாக்கியத்துக்குள்ளேயே அவள் நினைப்பு புகுந்துவிடும். இத்தாலி, நிலா, படகு என்று போகும் வாக்கியம் அவருடையதா, அவளுடையதா என்று தெரியாமல் நாமும் கூடவே மிதப்போம். தமிழில் 'என்று' நமக்குக் கை தானாகப் போட்டுவிடும் சொல். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு இடத்திலும் அதைச் சேர்த்துவிட்டால் வாசகர் பாதுகாப்பாகக் கரையிலேயே நின்றுவிடுவார். உங்கள் கையில் உள்ள பிரதியில் 'என்று நினைத்தாள்' வரும் இடங்களை அடித்துவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். வித்தியாசம் தெரியும்.

இந்தக் குரல் விவகாரம் கோர்ட்டுக்கே போனது. 1857 தொடக்கத்தில் ஒழுக்கத்துக்கும் மதத்துக்கும் கேடு என்று ஃப்ளோபேர்மேல் வழக்கு. அரசு வழக்கறிஞர் எர்னெஸ்ட் பினார் நாவலை நன்றாகவே படித்திருந்தார். அவருடைய புகார், இந்தப் பெண்ணைக் கண்டிக்கும் ஆள் புத்தகத்துக்குள் ஒருவரும் இல்லை என்பது. உண்மைதான், இல்லை. பிப்ரவரி 7 அன்று விடுதலை கிடைத்தது. அதே பினார் அதே வருடம் பொத்லேரின் கவிதைகள்மேலும் வழக்கு நடத்தினார்.

தண்டிக்க ஆளில்லாத இந்தப் புத்தகத்தில் நோட்டின் கடைசி வரியாக நான் எழுதி வைத்திருப்பது, எம்மாவை அடக்கம் செய்த இரவு. ரொடால்ஃப் பகலெல்லாம் காட்டில் சுற்றிய களைப்பில் தன் மாளிகையில் நிம்மதியாகத் தூங்குகிறான். லெயோனும் தூங்குகிறான். சவக்குழியின்மேல் மண்டியிட்டு அழுதுகொண்டிருப்பது ஜுஸ்தேன், மருந்துக்கடைப் பையன், அவள் விழுங்கிய ஆர்செனிக் விஷம் இருந்த அறைக்கு அவளோடு போனவன். அவளிடமிருந்து அவனுக்கு எதுவுமே கிடைத்ததில்லை, அவன் கேட்டதுமில்லை. சத்தம் கேட்டதும் சுவர் ஏறிக் குதித்து ஓடுகிறான். மறந்துபோன மண்வெட்டியை எடுக்க வந்த வெட்டியான் அதைப் பார்க்கிறார். கல்லறைத் தோட்டத்தில் தான் போட்டிருக்கும் உருளைக்கிழங்கைத் திருடுகிறவன் யார் என்று இப்போதுதான் தெரிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்.